ஸ்டீல் கிட்டாருக்கு எடை குறைந்த மாடலிங் ஆம்ப்: தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இரட்டை நெக் பெடல் ஸ்டீலை, அதாவது கால் பெடலால் தந்தியின் சுருதியை மாற்றி உட்கார்ந்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரை, பெட்டியோடு தூக்கினால் 25 முதல் 30 கிலோ வரும். அதை மேடையில் இறக்கிவிட்டு வண்டிக்குத் திரும்பினால் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஆம்ப் காத்திருக்கும், அது இன்னொரு 29 கிலோ. பிறகு இருக்கை, வால்யூம் பெடல், கேபிள் பை. எல்லாம் சுமந்து முடித்து வாசிக்க உட்காரும்போது விரல்கள் லேசாக நடுங்கும். ஃப்ரெட் கம்பியே இல்லாத வாத்தியத்தில், தந்திமேல் நகர்த்தும் உலோகப் பாரை ஒரு மயிரிழை தள்ளிவைத்தாலும் சுருதி பிசகும். சுமை தூக்கிய கையோடு முதல் பாட்டை வாசித்தவர்களுக்கு அந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும்.

அதனால்தான் ஸ்டீல் வாசிப்பவர்கள், பழைய ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலிங் ஆம்ப் பக்கம் திரும்புகிறார்கள். ஒரு கையால் தூக்கலாம், ரிவர்பும் டிலேயும் உள்ளேயே இருக்கின்றன, மிக்ஸருக்கு நேரடியாக வயர் கொடுக்கலாம். ஆனால் இந்த ஆம்ப்களில் பெரும்பாலானவை சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார்காரர்களை மனதில் வைத்துச் செய்தவை. அவர்களுக்கு வேண்டியது விதவிதமான டிஸ்டார்ஷன். நமக்கு வேண்டியது சுத்தமான ஒலியும், அது கடைசிவரை கலங்காமல் அடங்குவதும். கடையில் இரண்டு நிமிடம் வாசித்துப் பார்த்தால் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் ஒலிக்கும். ஸ்வரம் பிறக்கும்போது எந்த ஆம்பும் ஏமாற்றாது, அடங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

முதல் படி: உங்கள் வாத்தியம் ஆம்பிடம் என்ன கேட்கிறது?

முதல் நெக்கின் ஈ9 டியூனிங்கில் பத்தாவது தந்தியின் பி ஸ்வரம் சுமார் 123 ஹெர்ட்ஸ். மூன்றாவது தந்தியின் ஜி ஷார்ப் 415 ஹெர்ட்ஸ். பாரைப் பதினைந்தாம் ஃப்ரெட்டுக்குக் (இங்கே ஃப்ரெட் என்பது வரைந்த கோடு மட்டும்) கொண்டுபோனால் அதே மூன்றாவது தந்தி 988 ஹெர்ட்ஸில் பாடும். அங்கே ஆம்ப் கொஞ்சம் கூர்மையாக இருந்தாலும் காதில் ஊசி குத்தும். சி6 டியூனிங் உள்ள இரண்டாவது நெக்குக்கு வந்தால் நிலைமை தலைகீழ். பத்தாவது தந்தியின் சி 65 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் அடித் தந்தியே 82 ஹெர்ட்ஸ்தான், நாம் அதற்கும் கீழே போகிறோம். மடியில் வைக்கும், பெடல் இல்லாத லேப் ஸ்டீல் மட்டும் வாசிப்பவருக்கு இந்த அடிப்பக்கக் கவலை குறைவு. ஈ9 மட்டும் உள்ள ஒற்றை நெக் ஸ்டீலுக்கும் அப்படியே. சி6 வாசிப்பவர்கள் மட்டும் ஸ்பீக்கர் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது வால்யூம் பெடல். பெடல் ஸ்டீலின் கார்வை பாதி அதில்தான் இருக்கிறது. தந்தியை மீட்டும்போது பெடல் பாதி அளவில் நிற்கும். ஸ்வரம் தானாகத் தேயத் தேயக் கால் மெல்ல முன்னால் அழுத்தும். தந்தி எவ்வளவு இழக்கிறதோ அவ்வளவைப் பாதம் ஈடுகட்டுவதால், கேட்பவருக்கு ஒலி மட்டம் மாறாமல் வயலின் வில் இழுப்பது போல நீளும். இதற்கு ஆம்பில் எப்போதும் கையிருப்பு வேண்டும். சாதாரணமாக வாசிக்கும்போதே ஆம்ப் தன் முழுச் சக்தியில் இருந்தால், பெடல் அழுத்த அழுத்த ஒலி பெருகாது, கரகரக்கத்தான் செய்யும். இந்தக் கையிருப்பைத்தான் ஹெட்ரூம் என்கிறோம்.

மூன்றாவது, கோர்டுகள். இரண்டு மூன்று தந்திகள் சேர்ந்து ஒலிக்க, ஸ்டீலின் சுருதிப் பெடல் அதில் ஒரு தந்தியை மட்டும் மேலே இழுக்கும். ஆம்ப் லேசாக டிஸ்டார்ட் ஆனாலும் அந்த ஸ்வரங்களுக்கு இடையே புதிய ஒலிகள் முளைக்கும். 400 ஹெர்ட்ஸும் 500 ஹெர்ட்ஸும் சேர்ந்து டிஸ்டார்ட் ஆனால் 100 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் கேட்கும். ஒரு தந்தி மேலே நகர்ந்தால் அந்த முனகலும் கூடவே நகரும். ராக் கிட்டாரில் இது முரட்டு அழகு. ஸ்டீலின் இனிமையான கோர்டில் இது சேறு கலந்த தண்ணீர் மாதிரி.

இரண்டாம் படி: எடை எங்கே குறைகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

மாடலிங் என்றாலே எடை குறைவு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மாடலிங் செய்வது ஒரு சிறிய சிப். அது ஒரு பழைய ஆம்பின் நடத்தையைக் கணக்காகப் போட்டு அதே போல ஒலியை வடிவமைக்கிறது, அவ்வளவுதான். எடை குறைவது வேறு மூன்று இடங்களில்.

பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பில் மின்சாரத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரை ஓட்ட ஒரு டிரான்ஸ்ஃபார்மர் என்று இரும்புக் கட்டிகள் இருக்கும். இப்போது அந்த இடத்தில் ஸ்விட்சிங் பவர் சப்ளையும் கிளாஸ் டி பவர் ஆம்பும் வந்துவிட்டன. இரண்டாவது, ஸ்பீக்கர் காந்தம். ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடைமியம் வைத்தால் ஒரு ஸ்பீக்கருக்கே சில கிலோ குறையும். மூன்றாவது, பெட்டியின் மரம்.

2019இல் வந்த ஃபெண்டர் டோன் மாஸ்டர் ட்வின் ரிவர்ப் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், பழைய ட்வினின் அதே முகம், ஆனால் சுமார் 15 கிலோதான். வால்வு ட்வினில் பாதி. உள்ளே 200 வாட் டிஜிட்டல் பவர் ஆம்ப், நியோடைமியம் ஸ்பீக்கர்கள். 85 வாட் வால்வு ஆம்ப் கொடுக்கும் முழக்கத்தைக் கொடுக்க அதற்கு 200 வாட் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஸ்பெக் தாளில் வாட் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் தவறிவிடும் என்பதற்கு இதுவே சாட்சி.

மாறாக, மாடலிங் இருந்தும் கனமான ஆம்ப்கள் உண்டு, மாடலிங் இல்லாமலே இலேசான ஆம்ப்களும் உண்டு. குவில்ட்டர் நிறுவனம் பெடல் ஸ்டீலுக்கென்றே செய்த ஸ்டீலேர், டிராவிஸ் டாய் ஆம்ப்கள் மாடலிங் இல்லாதவை. உங்களுக்கு ஒரே ஒரு சுத்தமான ஒலியும் எடை குறைவும் போதும் என்றால், மாடலிங் தேவையா என்ற கேள்வியையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஒலிகள் வேண்டும், வீட்டில் ஹெட்ஃபோனில் வாசிக்க வேண்டும், எஃபெக்டுகள் உள்ளேயே வேண்டும் என்பவர்களுக்குத்தான் மாடலிங்.

மூன்றாம் படி: எங்கே வாசிக்கப் போகிறீர்கள்?

வீட்டில் மட்டும் என்றால் 20, 30 வாட் தாராளம். மேசைமேல் வைக்கும் சிறிய மாடலிங் ஆம்ப்களில் மூன்று நான்கு அங்குல ஸ்பீக்கர்கள் இருக்கும். ஈ9 பயிற்சிக்கு அவை இனிமையாகவே இருக்கும், சி6இன் அடித் தந்திகள் மட்டும் அதில் நிழலாகத்தான் தெரியும். டிரம்ஸ் இல்லாத சிறு கூட்டத்துக்கு 50 வாட்டும் ஒரு 12 அங்குல ஸ்பீக்கரும் போதும். டிரம்ஸும் பேஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் உள்ள குழுவில் 100 வாட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. கிட்டார்காரர் 20 வாட்டில் சமாளிப்பார், அவருடைய டிஸ்டார்ஷனே ஒலியைக் கெட்டிப்படுத்திவிடும். நமக்கு அந்த வழி கிடையாது.

வாட் விஷயத்தில் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். சக்தியை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு சக்தி. ஆகவே 100 வாட்டுக்கும் 120 வாட்டுக்கும் இடையே மண்டையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை. அதே பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடலாம். ஒரு வாட்டுக்கு 100 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 97 டெசிபல் தரும் ஸ்பீக்கரை விட இரண்டு மடங்கு வாட் ஆம்ப் போட்டதற்குச் சமம்.

12 அங்குலமா, 15 அங்குலமா என்பது ஸ்டீல்காரர்கள் கூடினால் வரும் வழக்கமான வாதம். பீவி நாஷ்வில் 400 போன்ற பழைய ஸ்டீல் ஆம்ப்களில் 15 அங்குலம்தான். அதில் மேல் ஸ்வரங்கள் மெலியாமல் சதைப்பற்றோடு வரும். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள மாடலிங் காம்போக்களில் 15 கிடைப்பது அரிது, பெரும்பாலும் ஒரு 12தான். எனக்கு 15இன் மேல் ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் நல்ல 12 ஒன்றை நாற்காலி உயரத்துக்கு ஏற்றி வைத்து வாசித்தபோது அந்த ஆசையில் பாதி தீர்ந்தது. ஸ்பீக்கர் அவுட் உள்ள ஆம்ப் வாங்கினால் பின்னாளில் ஒரு 15 அங்குலப் பெட்டியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஓம் அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இன்புட்டைச் சோதியுங்கள்

வாங்குபவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. தந்தி அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பில், ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார் வகை ஒன்றை மீட்டரில் அளந்தால் 6, 7 கிலோ ஓம் காட்டும். பெடல் ஸ்டீல் பிக்கப்புகள் பல 15 கிலோ ஓமைத் தாண்டும், அவற்றின் சிக்னலும் அதற்கேற்ப வலுவாக இருக்கும். வால்வு ஆம்பின் இன்புட்டில் அதிக சிக்னல் போனால் அது மெல்லத்தான் தடுமாறும். டிஜிட்டல் இன்புட் அப்படியில்லை. எல்லை தாண்டிய நொடியில் ஒலியின் தலை வெட்டுப்படும், பட்டாசுத் திரி பொரிவது போல ஒரு சத்தம் வரும். ஆம்பில் எந்த நாபைக் குறைத்தாலும் அது போகாது, ஏனென்றால் வெட்டு நாபுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

சோதனை எளிது. மாஸ்டர் வால்யூமைக் குறைத்து வையுங்கள். ஆம்பில் மிகச் சுத்தமான மாடலை எடுத்து கெயினைக் குறையுங்கள். வால்யூம் பெடலை முழுக்க அழுத்திவிட்டு, மூன்று தந்திகளைச் சேர்த்துப் பலமாக மீட்டுங்கள். மீட்டிய முதல் கணத்தில் பொரிந்தால் இன்புட் தாங்கவில்லை. சில ஆம்ப்களில் சிக்னலைக் குறைத்து வாங்கும் இரண்டாம் இன்புட் இருக்கும். டோன் மாஸ்டர் ஆம்ப்களில் பழைய ஃபெண்டர் போலவே ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு ஜாக் உண்டு. லைன் 6 ஹீலிக்ஸ் என்ற மாடலிங் தரைப்பெட்டியில், சிக்னலைக் குறைக்கும் பேட் வசதியை மெனுவில் போட்டுக்கொள்ளலாம். எதுவும் இல்லாவிட்டால் பிக்கப்பைத் தந்தியிலிருந்து கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும், ஒலியும் திறந்து கேட்கும்.

இன்னொன்று இம்பிடன்ஸ், அதாவது சிக்னலுக்கு இன்புட் காட்டும் மின்தடை. பிக்கப்பிலிருந்து நேராக பேசிவ் (மின்சாரம் தேவைப்படாத) வால்யூம் பெடலுக்குப் போகிறீர்கள் என்றால், அதில் பெரும்பாலும் 500 கிலோ ஓம் பாட் (மாறுதடை) இருக்கும். பெடல் பாதியில் நிற்கும்போது நீளமான கேபிள் ட்ரெபிளைத் தின்றுவிடும். ஆம்பின் இன்புட் இம்பிடன்ஸும் குறைவாக இருந்தால் ஒலி கம்பளி போர்த்தியது போல ஆகும். 1 மெகா ஓம் இன்புட் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் ஸ்டீலுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு நல்ல பஃபர் (சிக்னல் வலுவிழக்காமல் காக்கும் சிறு சர்க்யூட்) வையுங்கள். பெடலிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளை முடிந்தவரை குட்டையாக வையுங்கள்.

வால்யூம் பெடலை எங்கே வைப்பது என்பதும் மாடலிங் ஆம்பில் புதிய கேள்வி. ஆம்புக்கு முன்னால் வைத்தால், பெடலைக் குறைக்கும்போது மாடல் சுத்தமாகவும், கூட்டும்போது கொஞ்சம் சூடாகவும் நடந்துகொள்ளும். மாடலுக்குப் பின்னால் வெளிக் கருவிகளைச் சேர்க்கும் எஃபெக்ட்ஸ் லூப்பில் வைத்தால் மாடலுக்குப் போகும் சிக்னல் மாறாது, சத்தம் மட்டும் மாறும். லேப் ஸ்டீலில் டிஸ்டார்ஷன் போட்டு வாசிப்பவருக்கு லூப் வசதி. சுத்தமான பெடல் ஸ்டீலுக்கு நான் முன்னால் வைப்பதையே விரும்புகிறேன். பெடல் எங்கே இருந்தாலும் ரிவர்பும் டிலேயும் அதற்குப் பின்னால் வர வேண்டும். இல்லையென்றால் பெடலைக் குறைக்கும்போது எதிரொலியும் சேர்ந்து செத்துவிடும்.

ஐந்தாம் படி: கார்வையின் வாலை வெட்டும் வசதிகளை அணையுங்கள்

இதை நான் பட்டுத்தான் கற்றேன். மெதுவான பாட்டு, கடைசி வரி முடிந்து பாடகர் மூச்சு விட்டார். மூன்றாம் ஃப்ரெட்டில் 4, 5, 6 தந்திகள், ஜி கோர்ட். எல்லா வாத்தியங்களும் நின்றுவிட்டன, ஸ்டீல் மட்டும் நீள வேண்டும். பாதம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பெடல் இன்னும் கால்வாசி மீதம் இருக்கும்போது ஒலி கத்தரிக்கோலால் நறுக்கியது போல நின்றது. கேபிள் கழன்றுவிட்டது என்று குனிந்து பார்த்தேன். கேபிள் சரியாகத்தான் இருந்தது. மறுபடி மீட்டினால் ஒலி வந்தது, நான்காவது நொடியில் மறுபடி நறுக்.

காரணம் நாய்ஸ் கேட். அந்த ப்ரீசெட்டில் (ஆம்பில் சேமித்து வைத்த ஒலி அமைப்பில்) தொழிற்சாலையிலேயே அதைப் போட்டு வைத்திருந்தார்கள். சிக்னல் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் "வாசிப்பு முடிந்தது, இது வெறும் இரைச்சல்" என்று முடிவு செய்து அது கதவைச் சாத்திவிடும். டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு அது உதவி. ஸ்டீலில் அந்தத் தேயும் சிக்னல்தான் பாட்டே. வீட்டில் வாசிக்கும்போது எனக்கு இது தெரியவில்லை, ஏனென்றால் வீட்டில் யாரும் எட்டு நொடி கார்வை வைத்துப் பயிற்சி செய்வதில்லை.

ஆகவே எந்த மாடலிங் ஆம்பிலும் முதல் வேலை நாய்ஸ் கேட், நாய்ஸ் சப்ரஸர் என்ற பெயரில் இருப்பதையெல்லாம் தேடி அணைப்பது. சில ஆம்ப்களில் இது முன்பலகையில் தெரியாது, கம்ப்யூட்டர் மென்பொருளிலோ போன் ஆப்பிலோதான் இருக்கும். வாங்கும் முன்பே, இதை முழுக்க அணைக்க முடியுமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அணைத்த பிறகு சிங்கிள் காயில் பிக்கப்பின் ஹம் என்ற ரீங்காரம் தொந்தரவு செய்தால், ஆம்பிலிருந்து கொஞ்சம் விலகி உட்காருங்கள், ஸ்டீலின் கோணத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். டிம்மர் வைத்த விளக்குகளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கும் கம்ப்ரஸரையும் முதலில் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதமே கம்ப்ரஸர் வேலை செய்யும் வாத்தியத்தில், இரண்டாவது ஒன்று சேர்ந்தால் இரண்டும் இழுபறி செய்யும். வேகமான ஒற்றைத் தந்தி ஓட்டங்களுக்கு லேசாகப் போட்டுக்கொள்வது அவரவர் ருசி.

ஆறாம் படி: மாடலும் மிட்டும்

எந்த மாடலில் ஆரம்பிப்பது? 1960களின் கறுப்பு முக ஃபெண்டர் வகையைத் தேடுங்கள். ட்வின், டீலக்ஸ் என்ற சாயலில் பெயர் இருக்கும். அந்த ஆம்ப்களின் டோன் சர்க்யூட் இயல்பாகவே நடு அலைவரிசையைக் கொஞ்சம் பள்ளமாக்கும். ஸ்டீல் பிக்கப்பில் நடுப்பகுதி தடித்திருப்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றன. ரோலண்ட் ஜேசி 120 சாயல் மாடலும் நல்ல தொடக்கம், கண்ணாடி போன்ற சுத்தம். பிரிட்டிஷ் வகை என்று சொல்லப்படும் மாடல்களை லேப் ஸ்டீல் ராக் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிட், அதாவது நடு அலைவரிசை, பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பீவியின் பழைய ஸ்டீல் ஆம்ப்களில் ஷிஃப்ட் என்று ஒரு நாப் உண்டு. எந்த இடத்து நடு அலைவரிசையைக் குறைக்கிறோம் என்று அதில் குறி வைக்கலாம். ஸ்டீல்காரர்களில் பெரும்பாலோர் அதை 800 ஹெர்ட்ஸில் நிறுத்தி மிட்டை நன்றாகக் குறைப்பார்கள். மூக்கடைத்த மாதிரி ஒலிக்கும் "ஹாங்க்" ஓசை குடியிருப்பது அந்த இடத்தில்தான். அதனால் நீங்கள் பார்க்கும் ஆம்பில் அலைவரிசையை நாமே குறிக்கக்கூடிய பேராமெட்ரிக் ஈக்யூ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா ஆம்பில் கம்ப்யூட்டர் மென்பொருள் வழியாக அது கிடைக்கிறது. 800 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து, 4 டெசிபல் குறைத்து, பிறகு குறியை 500க்கும் 1000க்கும் இடையே மெல்ல நகர்த்துங்கள். ஓர் இடத்தில் கோர்டுக்குள் காற்று புகுந்தது போலத் திறக்கும். அங்கே நிறுத்துங்கள். ரொம்பவும் குறைத்துவிட்டால் தனியாகக் கேட்க இனிக்கும், குழுவோடு சேர்ந்தால் ஸ்டீல் எங்கே என்று தேட வேண்டிவரும்.

வெறும் பேஸ், ட்ரெபிள் மட்டும் உள்ள ஆம்பில் இந்த வேலை நடக்காது. டோன் மாஸ்டர் ட்வினில் மிடில் நாப் உண்டு, டோன் மாஸ்டர் டீலக்ஸில் பழைய டீலக்ஸ் போலவே கிடையாது. இரண்டுக்கும் எடையில் ஏறத்தாழ ஐந்து கிலோ வித்தியாசம் என்றாலும், ஸ்டீலுக்கு எது என்று கேட்டால் இந்த ஒரு நாபுக்காகவே நான் ட்வினைச் சொல்வேன்.

ஈக்யூவை மேடைச் சத்தத்திலேயே அமையுங்கள். மெல்லிய சத்தத்தில் நம் காதுக்குப் பேஸும் ட்ரெபிளும் குறைவாகக் கேட்கும். வீட்டில் அதை ஈடுகட்டக் கூட்டி வைத்த ப்ரீசெட், மேடையில் அடி கனத்து மேலே கீச்சிடும். வீட்டுக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று என்று இரண்டு ப்ரீசெட் வைத்துக்கொள்வது நல்லது.

டிலே நேரம் 300 முதல் 400 மில்லி நொடி, ஒன்றிரண்டு எதிரொலி, ஸ்பிரிங் ரிவர்ப் மிதமாக. இது பெரும்பாலோருக்குச் சரிப்படும்.

தாமதம் பற்றியும் சிலர் கவலைப்படுவார்கள். ஒலி காற்றில் ஒரு மில்லி நொடிக்கு 34 சென்டிமீட்டர் போகும். ஆம்புக்குள் கணக்குப் போட 3 மில்லி நொடி ஆனால், ஆம்பிலிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்ததற்குச் சமம். வயர்லெஸ், தனி எஃபெக்ட் பெட்டி, டிஜிட்டல் மிக்ஸர் என்று அடுக்கினால்தான் அது கூடிக்கூடி விரலுக்கு உறுத்தும்.

ஏழாம் படி: ஆம்ப்களை வகைப்படுத்திப் பாருங்கள்

ஒரே ஆம்பை மட்டும் மாடல் செய்பவை முதல் வகை. டோன் மாஸ்டர் வரிசை இதில் வரும். மெனு கிடையாது, நாப் மட்டுமே. சத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும் ஸ்விட்ச், மிக்ஸருக்கு எக்ஸ்எல்ஆர் லைன் அவுட் இரண்டும் உண்டு. ஆனால் எஃபெக்ட்ஸ் லூப் இல்லை, எனவே டிலே பெடல் ஆம்புக்கு முன்னால்தான். சுத்தமான ஒலிக்கு அது பெரிய குறை கிடையாது. மேடையில் திரை பார்த்துக்கொண்டிருக்க விரும்பாதவர்களுக்கு என் முதல் பரிந்துரை இந்த வகை.

பல மாடல்கள் கொண்ட காம்போக்கள் இரண்டாம் வகை. பாஸ் கட்டானா 100 ஏறத்தாழ 15 கிலோ, ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், லூப் உண்டு, அதன் கிளீன் சேனலுக்கு ஸ்டீல்காரர்களிடம் நல்ல பெயர். ஃபெண்டர் மஸ்டாங் ஜிடிஎக்ஸ் 100 சுமார் 10 கிலோ, ட்வின் சாயல் மாடல் உள்ளே இருக்கிறது. இந்த வகையில் ப்ரீசெட்டுகளைச் சுத்தம் செய்ய ஒரு மாலை முழுதாக ஒதுக்க வேண்டும். தொழிற்சாலை ப்ரீசெட் எதுவும் ஸ்டீலுக்கு அப்படியே பொருந்தாது.

மூன்றாம் வகையில் ஆம்பே கிடையாது. லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்ற மாடலிங் தரைப்பெட்டி, கூடவே ஒலியைத் தன் நிறம் சேர்க்காமல் தரும் முழு அலைவரிசை ஸ்பீக்கர். பெட்டி சுமார் ஒரு கிலோதான். அடித் தந்திகள் இந்த ஏற்பாட்டில் மிகச் சுத்தமாக வரும், சி6காரர்கள் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் மைக் வைத்துப் பதிந்த ஆம்பின் ஒலிதான் இதில் கேட்கும். முதுகுக்குப் பின்னால் ஓர் ஆம்ப் பெட்டி நின்று முழங்கும் உணர்வு வராது. இந்த வேறுபாடு சிலருக்குப் பெரிதாகத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது வாசித்துப் பார்க்காமல் இதில் இறங்க வேண்டாம்.

எட்டாம் படி: வாசித்துப் பார்க்கும் நாள்

உங்கள் ஸ்டீலையும், உங்கள் வால்யூம் பெடலையும், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கேபிள்களையும் எடுத்துப் போங்கள். கடையில் கிடக்கும் கிட்டாரில் வாசித்துவிட்டு முடிவு செய்வது, அடுத்தவர் செருப்பைப் போட்டுப் பார்த்து நமக்கு அளவெடுப்பது போல. ஸ்டீலை எடுத்துப் போக முடியாவிட்டால், திருப்பித் தரலாம் என்ற உறுதி கிடைக்கும் இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி, உங்கள் காது அதன் ஸ்பீக்கரைப் பார்க்கும்படி வையுங்கள். நாம் உட்கார்ந்து வாசிப்பவர்கள், நின்றுகொண்டு கேட்பது கணக்கில் வராது. எல்லா எஃபெக்டையும் அணைத்து, நாபுகளை நடுவில் நிறுத்துங்கள்.

மூன்றாம் ஃப்ரெட்டில் 4, 5, 6 தந்திகளை மீட்டி, கண்ணை மூடிக்கொண்டு எட்டு எண்ணுங்கள். பாதம் ஒலியைச் சம மட்டத்தில் பிடிக்கட்டும். நான்கு எண்ணும்போது ஒலி மணல் போல உதிர்கிறதா, விட்டுவிட்டுக் கேட்கிறதா, திடீரென்று நிற்கிறதா என்று கவனியுங்கள். நல்ல ஆம்பில் எட்டாவது எண்ணிக்கையில் ஒலியின் நிறம் முதல் எண்ணிக்கையில் இருந்த அதே நிறமாக, மென்மையாக மட்டும் இருக்கும். அதையே பதினைந்தாம் ஃப்ரெட்டில் 3, 4, 5 தந்திகளில் செய்யுங்கள். அதே ஜி கோர்ட் மேல் ஸ்தாயியில் வரும். பாரை லேசாக அசைத்து விப்ரேட்டோ கொடுங்கள். காது சுருங்கினால் ட்ரெபிளைக் குறையுங்கள். குறைத்த பிறகு ஒலி மந்தமானால் அந்த ஸ்பீக்கர் உங்களுக்கானது இல்லை.

பிறகு அடித் தந்தி. ஈ9இன் பத்தாவது, சி6 இருந்தால் அதன் பத்தாவது. பெட்டி அதிர்கிறதா, பின்பலகை கடகடக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். எடை குறைந்த பெட்டிகளில் இது அடிக்கடி நடக்கும், ஒரு திருகை இறுக்கினால் போய்விடுவதும் உண்டு. அதன்பின் ஒரு கோர்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டீலின் சுருதிப் பெடலை மிக மெதுவாக மிதியுங்கள். ஸ்வரம் ஏறும்போது அடியில் வேறொரு முனகல் கூடவே நகர்கிறதா? நகர்ந்தால் மாடலின் கெயினைக் குறைத்து மாஸ்டரை ஏற்றி மறுபடி பாருங்கள்.

கடைசியாகச் சத்தத்தை மேடை அளவுக்கு ஏற்றி, முழுப் பாட்டு ஒன்று வாசியுங்கள். முடிந்ததும் கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். குளிர்விக்கும் விசிறி இரைகிறதா, ஹம் எவ்வளவு என்பது அந்த அமைதியில் தெரியும். லைன் அவுட்டில் ஒரு வயரைப் போட்டு, மிக்ஸரிலோ ஹெட்ஃபோனிலோ கேளுங்கள். ஆம்பில் தேன் போல ஒலித்தது லைன் அவுட்டில் தகரம் போல இருந்தால், மேடைக்கு முன்னால் இருப்பவர்கள் கேட்கப்போவது அந்தத் தகரத்தைத்தான். ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷன் அந்த வழியில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ஆம்பை ஒரு கையால் தூக்கி ஒரு மாடிப்படி ஏறி இறங்குங்கள். கைப்பிடி நடுவில் இல்லாமல் ஸ்பீக்கர் பக்கம் சாய்ந்தால், 10 கிலோ ஆம்பும் காலில் இடித்துக்கொண்டே வரும்.

பழையதாக வாங்கினால்

வால்வு ஆம்ப் பழுதானால் பிரித்துச் சரிசெய்ய ஆள் கிடைப்பார். மாடலிங் ஆம்பில் டிஜிட்டல் போர்டு போனால் பெரும்பாலும் போர்டையே மாற்ற வேண்டும், பழைய மாடலுக்குப் போர்டு கிடைக்காமலும் போகலாம். ஆகவே பழையதில் ஒவ்வொரு நாபையும் திருப்பி, ஒவ்வொரு ஜாக்கையும் அசைத்து, அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். ஆம்பின் முக்கிய அமைப்புகள் போன் ஆப் வழியாக மட்டும் என்றால், அந்த ஆப் உங்கள் போனில் இன்றைக்கு வேலை செய்கிறதா என்று அங்கேயே நிறுவிப் பாருங்கள். ஆப் இல்லாமலும் வாசிக்க முடிகிற ஆம்ப் எனக்குக் கூடுதல் நம்பிக்கை தரும்.

வாங்கியதும் முதல் வாரம் எந்த மேடைக்கும் அதை எடுத்துப் போகாதீர்கள். பழைய ப்ரீசெட்டுகளை ஓரமாக நகர்த்தி, ஒரே ஒரு சுத்தமான ஒலியை மட்டும் கட்டுங்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், ஃபர்ம்வேர் அப்டேட் சில நேரம் எல்லாவற்றையும் துடைத்துவிடும். நாப் நின்ற இடங்களைப் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டை நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஒருபோதும் போட வேண்டாம். போட்டால், அன்று இரவே நாய்ஸ் கேட் மறுபடி விழித்துக்கொண்டிருக்கிறதா என்று எட்டு எண்ணிப் பார்த்துவிடுங்கள்.